சுவிங் கட்டுரையில் விடுபட்டுப்போன ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் காவேரிப்பட்டணத்தில் இருந்து எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருஷமாக பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் அமெரிக்க சுவிங் இசையைப் பற்றி, அதாவது 1930களில் பெரிய பேண்டுகள் ஆட்டத்துக்கு வாசித்த ஜாஸ் இசையைப் பற்றி, முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. டீக்கடையில் பார்த்தேன். அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு பிரதி வாங்கிவந்து வீட்டில் இரண்டு முறை படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் அமெரிக்க பேண்டுத் தலைவர் பென்னி குட்மேன் கிளாரினெட்டோடு நிற்கும் படத்தை அரைப் பக்கத்துக்குப் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. எழுதியவருக்கு நன்றி.

ஆனால் அந்தப் பக்கம் முழுக்கத் தேடியும் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் என்ற பெயர் கண்ணில் படவில்லை. ‘1935இல் குட்மேன் உருவாக்கிய புதிய இசையைக் கேட்டு இளைஞர்கள் துள்ளினார்கள்’ என்று கட்டுரை சொல்கிறது. இளைஞர்கள் துள்ளினார்கள், சரி. அன்றைக்கு அவர்களைத் துள்ளவைத்த இசையில் பெரும்பங்கைத் தாளில் எழுதிக் கொடுத்தவர் ஹெண்டர்சன். அவர் பெயர் இல்லாமல் அந்தக் கதையைச் சொன்னால் கதை பாதிதான். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் செய்த வேலைக்கு ஆங்கிலத்தில் அரேஞ்ச்மென்ட் என்று பெயர். நாங்கள் ‘நோட்ஸ் போடுவது’ என்போம். அது என்ன வேலை என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் எங்கள் செட்டையே வைத்துச் சொல்கிறேன். எங்கள் செட்டில் இரண்டு கிளாரினெட், மூன்று டிரம்பெட், ஒரு சாக்ஸபோன், ஒரு டிராம்போன், ஒரு யூபோனியம், அப்புறம் சைடு டிரம், பேஸ் டிரம், சிம்பல். மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு சினிமாப் பாட்டு கேட்கிறார்கள் என்று வையுங்கள். மெட்டு எல்லோருக்கும் தெரியும். எட்டு குழலும் அதே மெட்டை ஒன்றாக ஊதினால் பத்து நிமிஷத்தில் காது சலித்துவிடும். பல்லவியை யார் வாசிப்பது, அப்போது டிரம்பெட் சும்மா இருப்பதா, இல்லை அடியில் இரண்டு சுரம் தட்டிவிட்டு நிற்பதா, சரணத்தில் கிளாரினெட்டுக்கு மேலே போகிற இழை எது, யூபோனியம் எங்கே நடக்கவேண்டும், எல்லோரும் சேர்ந்து எந்த இடத்தில் வெடிக்கவேண்டும் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்யவேண்டும். முடிவு செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் எழுதவேண்டும். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி பிளாட் வாத்தியங்கள். தாளில் ஸி என்று எழுதினால் வெளியே பி பிளாட் கேட்கும். ஆல்டோ சாக்ஸுக்கு அதே ஸி எழுதினால் ஈ பிளாட் கேட்கும். ஆக ஒரே ஒலியை வாத்தியத்துக்கு ஏற்றபடி வேறு வேறு விதமாக எழுதவேண்டும். ஒரு புள்ளி தவறினால் கல்யாண ஊர்வலத்தில் நடுத்தெருவில் மானம் போகும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் மாஸ்டர். ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தவர். அச்சடித்த நோட்டேஷன் தாள் அந்தக் காலத்தில் எங்களுக்குக் கிடைக்காது. ஐந்து பேனா ரீஃபிலை ஒரு குச்சியில் வரிசையாகக் கட்டி, ஸ்கேலை ஒட்டி ஒரே இழுப்பில் ஐந்து கோடு போடுவார். தை, பங்குனி, வைகாசி, ஆவணி என்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த ஒரு மாதம் முழுக்க ஷெட்டில் உட்கார்ந்து அடுத்த வருஷத்துக்கு நோட்ஸ் எழுதுவார். நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ட் காப்பி, அதாவது ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய தாளைத் தனியாக, எடுப்போம்.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. பெங்களூரில் இருந்த பழைய ராணுவ நண்பர் ரெக்கார்டில் இருந்து பதிந்து கொடுத்தது. அட்டையில் ‘பென்னி குட்மேன் ஆர்க்கெஸ்ட்ரா’ என்று மட்டும் நீல மையில் எழுதியிருக்கும். அதில் ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ என்று ஒரு உருப்படி. மூன்று நிமிஷம் போலத்தான் வரும். அதன் கடைசிப் பகுதியை மட்டும் மாஸ்டர் திரும்பத் திரும்ப ஓடவிடுவார். பித்தளைக் குழல்கள் சுருக்கமாக ஒரு அடி அடிக்கும், சாக்ஸபோன்கள் உடனே பதில் சொல்லும். மறுபடி அடி, மறுபடி பதில். ‘இதை எழுதினவன் யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுவேண்டா’ என்பார். குட்மேன்தான் எழுதியிருப்பார் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். மாஸ்டரும் அப்படி நினைத்தபடியே போய்ச் சேர்ந்தார்.

எட்டு ஒன்பது வருஷம் முன்பு, ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தபோது அந்தப் பாட்டின் பெயரை போனில் தேடிப் போட்டான். கேட்ட உடனே இது எங்கள் கேசட்டில் உள்ளது இல்லை என்று தெரிந்தது. வேகம் வேறு, டிரம்பெட் வேறு ஆள். ஆனால் கடைசியில் அதே அடி, அதே பதில். ‘அப்பா, இதுல 1933னு போட்டிருக்கு’ என்றான். எங்கள் கேசட்டில் இருந்த குட்மேன் பதிவு 1935 ஜூலை 1ஆம் தேதி எடுத்தது. இரண்டு வருஷம் முந்தியே இன்னொரு பேண்டு அதை வாசித்திருக்கிறது. பேண்டின் பெயர் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் ஆர்க்கெஸ்ட்ரா. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மாஸ்டர் தேடிய ஆளை நான் கண்டுபிடித்துவிட்டேன், சொல்ல மாஸ்டர் இல்லை.

அதில் இருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன், கேட்டேன். தங்கள் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

ஹெண்டர்சன் 1897 டிசம்பரில் அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் கத்பர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கறுப்பினக் குடும்பம். அப்பா பள்ளித் தலைமையாசிரியர், அம்மா பியானோ சொல்லிக்கொடுப்பவர். பையன் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் படித்தது வேதியியல். 1920இல் மேல்படிப்புக்கென்று நியூயார்க் போனார். கறுப்பர் ஒருவருக்கு வேதியியலில் அன்று என்ன வேலை கிடைத்துவிடும்? ஒரு பாட்டுப் பதிப்பகத்தில் பியானோ வாசித்துப் புதுப் பாட்டுகளை ஆட்களுக்குக் கேட்கவைக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தப் பதிப்பகத்தின் பங்குதாரர் ஹாரி பேஸ், 1921இல் பிளாக் ஸ்வான் என்று கறுப்பர்களே நடத்தும் ரெக்கார்டு கம்பெனியைத் தொடங்கியபோது ஹெண்டர்சனையும் கூட்டிக்கொண்டார். எத்தல் வாட்டர்ஸ், பெஸ்ஸி ஸ்மித் போன்ற பெரிய பாடகிகளுக்கு அவர் பியானோ வாசித்த ரெக்கார்டுகள் உண்டு. (அந்தக் காலத்து 78 சுற்று ரெக்கார்டு நம்ம அரக்கில் செய்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளில் இருந்து போனது. நியூயார்க்கில் கறுப்பர்கள் வாழ்ந்த ஹார்லெமில் சுற்றிய தட்டில் நம் மரத்துப் பூச்சியின் உழைப்பும் இருந்தது என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.)

1924இல் அவருடைய பேண்டு நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் நடன அரங்கத்தில் இடம்பிடித்தது. அங்கே ஆட வருகிறவர்கள் வெள்ளையர் மட்டும், மேடையில் வாசிப்பவர்கள் கறுப்பர்கள். அதே வருஷம் சிகாகோவில் இருந்து லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட்டோடு வந்து சேர்ந்தார். ஒரு வருஷம் போல இருந்தார். அந்த ஒரு வருஷத்தில் அவர் காட்டிய தாள நடையைப் பார்த்து மற்ற அத்தனை பேரும் தங்கள் வாசிப்பை மாற்றிக்கொண்டார்கள். 1925இல் அவர்கள் பதிந்த ‘சுகர் ஃபுட் ஸ்டாம்ப்’ கேட்டுப்பாருங்கள். ஆம்ஸ்ட்ராங் வாய் திறக்கிற இடத்தில் பேண்டே நிமிர்ந்து உட்காருவது காதில் விழும். டெனர் சாக்ஸபோனில் கோல்மன் ஹாக்கின்ஸ் 1934 வரை இந்த பேண்டில் இருந்தவர். சாக்ஸபோனை ஊர்கோலத்து வாத்தியமாக நினைத்தவர்களுக்கு அதில் பேசவும் முடியும் என்று காட்டியவர் அவர்.

இங்கே இன்னொரு பெயரையும் நான் விடக்கூடாது. அந்த ஆரம்ப வருஷங்களில் பேண்டுக்கு நோட்ஸ் போட்டவர் பெரும்பாலும் டான் ரெட்மேன். முறையாக இசை படித்தவர், சாக்ஸபோனும் வாசிப்பார். 1927இல் அவர் வேறு பேண்டுக்குப் போய்விட்டார். டிரம்பெட், டிராம்போன் போன்ற பித்தளைக் குழல்கள் ஒரு அணி, சாக்ஸபோன், கிளாரினெட் போன்ற நாணல் குழல்கள் ஒரு அணி, இரண்டும் கேள்வியும் பதிலுமாகப் பேசிக்கொள்வது என்ற அமைப்பை வடித்ததில் ரெட்மேனுக்குப் பெரிய பங்கு. ஹெண்டர்சனே எல்லாவற்றையும் செய்தார் என்று நான் எழுதினால், உங்கள் கட்டுரையில் நான் குறை சொல்லும் அதே தப்பை நானும் செய்தவன் ஆவேன்.

கேள்வி, பதில் என்றேன். இது நம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்குப் புதிதே இல்லை. பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கூத்தாடி ஒரு அடி பாடி முடிப்பதற்குள் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். முகவீணை நடுவில் புகுந்து ஒரு இழுப்பு இழுக்கும். ஆடுகிறவன் மூச்சு வாங்கவும், கேட்கிறவன் அந்த அடியை மனசில் போட்டுக்கொள்ளவும் அந்த இடம் வேண்டும். அமெரிக்கக் கறுப்பர்களின் தேவாலயங்களிலும் வயல்களிலும் இதே வழக்கம் இருந்தது. ஒருவர் அழைப்பார், கூட்டம் பதில் சொல்லும். ரெட்மேனும் ஹெண்டர்சனும் அதைப் பித்தளைக்கும் நாணலுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். என் மாஸ்டர் அந்தக் கேசட்டின் கடைசிப் பகுதியில் ஏன் அப்படி மயங்கினார் என்று எனக்கு இப்போது புரிகிறது. சின்ன வயதில் பென்னாகரம் பக்கத்துக் கிராமத்தில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர் அவர்.

1928இல் ஹெண்டர்சன் ஒரு கார் விபத்தில் அடிபட்டார். அதற்குப் பிறகு அவர் பழைய மாதிரி இல்லை, எதையும் முன்னின்று செய்யும் பிடிப்பு போய்விட்டது என்று அவர் மனைவி சொல்லியிருக்கிறார். பேண்டு நடத்துவது என்பது நோட்ஸ் எழுதுவது மட்டும் இல்லை. சம்பளம், பயணம், ஒப்பந்தம், நேரத்துக்கு வராதவனைக் கண்டிப்பது, கோபித்துக்கொண்டு போனவனைச் சமாதானம் செய்வது எல்லாம் அதில் உண்டு. ஹெண்டர்சனுக்கு அது வரவில்லை. ஆனால் அந்தக் கஷ்ட காலத்தில்தான் அவர் தானே உட்கார்ந்து முழுமூச்சாக எழுதத் தொடங்கினார். 1934 செப்டம்பரில் டெக்கா கம்பெனிக்கு அவர் பேண்டு பதிந்த உருப்படிகளில் ‘ராப்பின் இட் அப்’, ‘டவுன் சவுத் கேம்ப் மீட்டிங்’ இரண்டும் அவரே இயற்றி அவரே நோட்ஸ் போட்டவை. கேட்கிறவர்கள் ‘ராப்பின் இட் அப்’பில் தொடங்குங்கள். தேவையில்லாத ஒரு சுரம் அதில் கிடையாது. சாக்ஸபோன்கள் வழுக்கிக்கொண்டு போகும்போது டிரம்பெட்கள் வந்து ஒட்டும் இடங்களைப் பாருங்கள், இரண்டு ஆட்கள் கைகோத்து வாய்க்கால் தாண்டுவது மாதிரி இருக்கும்.

அவ்வளவு நல்ல ரெக்கார்டு போட்ட சில வாரத்தில், 1934 கடைசியில், அந்த பேண்டு கலைந்துவிட்டது. ஆட்களுக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

அதே நேரம் குட்மேனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. 1934 டிசம்பர் 1ஆம் தேதி, சனிக்கிழமை இரவு, என்.பி.சி. வானொலியில் ‘லெட்ஸ் டான்ஸ்’ என்று ஒரு மூன்று மணிநேர நிகழ்ச்சி தொடங்கியது. ஒரு பிஸ்கட் கம்பெனி காசு போட்டது. மூன்று பேண்டுகள் மாறி மாறி வாசிக்கவேண்டும், அதில் ஒன்று குட்மேன் பேண்டு. வாராவாரம் புது உருப்படி வேண்டும். அதற்காக நோட்ஸ் எழுதத் தனியாகப் பணம் ஒதுக்கியிருந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: எழுதுவதற்கென்றே தனிப் பணம். ஜான் ஹாமண்ட் என்ற இசைப் புரவலர் ஹெண்டர்சனின் பெயரைச் சொல்ல, குட்மேன் அவரிடம் நோட்ஸ் வாங்கத் தொடங்கினார். ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’, ‘ப்ளூ ஸ்கைஸ்’, ‘சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி’ எல்லாம் அப்படி வந்தவை. ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ முதலில் ஜெல்லி ரோல் மார்ட்டனின் பியானோ உருப்படி. அவர் அதை 1923இல் தனியாகப் பியானோவில் பதிந்திருக்கிறார். ஹெண்டர்சன் பேண்டு அதை 1928இல் ஒரு முறையும், 1932இல் ஒரு முறையும், 1933இல் ஒரு முறையும் பதிந்தது. ஒவ்வொரு முறையும் வடிவம் இறுகிக்கொண்டே வந்தது. வாசிக்கிறவர்கள் மேடையிலேயே கண்டுபிடித்த சில்லறைச் சங்கதிகளை ஹெண்டர்சன் பொறுக்கி எடுத்துத் தாளில் நிறுத்தினார். அந்தத் தாள்தான் குட்மேன் கைக்கு வந்தது.

1935 கோடையில் குட்மேன் பேண்டு நாட்டைக் குறுக்காகக் கடந்து போனது. போகிற ஊரெல்லாம் வரவேற்பு சுமார்தான். டென்வரில் பட்ட அவமானத்தில் பேண்டையே கலைத்துவிடலாமா என்று யோசித்தார்களாம். ஆகஸ்ட் 21ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பாலோமர் நடன அரங்கம். முதலில் பயந்துகொண்டு மெதுவான, வழக்கமான உருப்படிகளை வாசித்தார்கள் என்றும், கூட்டம் அசையவில்லை என்றும், போவதுதான் போகிறோம் நமக்குப் பிடித்ததை வாசித்துவிட்டுப் போவோம் என்று ஹெண்டர்சனின் தாள்களை எடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். கூட்டம் ஆடுவதை விட்டுவிட்டு மேடையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்று கத்தியது. அந்த ‘லெட்ஸ் டான்ஸ்’ நிகழ்ச்சி நியூயார்க்கில் நடுராத்திரியைத் தாண்டும் நேரம், மூன்று மணிநேரம் பின்தங்கிய மேற்குக் கரையில் இளவட்டங்கள் விழித்திருக்கும் நேரம். அவர்கள் வானொலியில் இந்த உருப்படிகளைக் கேட்டுக் கேட்டுக் காத்திருந்தவர்கள். தங்கள் கட்டுரை இந்த இரவை அழகாக எழுதியிருக்கிறது. மேடையில் ஸ்டாண்டில் இருந்த தாள் யாருடையது என்ற ஒரு வரி சேர்ந்திருந்தால் நான் இந்தக் கடிதமே எழுதியிருக்கமாட்டேன்.

‘சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி’யைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாகவேண்டும். அதில் நான்கு சாக்ஸபோனும் சேர்ந்து வாசிக்கும் ஒரு நீளமான பகுதி வரும். மெட்டை அப்படியே வாசிக்கமாட்டார்கள். ஒரு கலைஞன் கண்ணை மூடிக்கொண்டு மனோதர்மத்தில் விரித்துப் போவது மாதிரி போகும், ஆனால் நான்கு பேர், நான்கு வேறு சுரம், ஒரே மூச்சு. ஹெண்டர்சன் ஒரு ஆளின் தனி வாசிப்பைத் தன் மனசுக்குள் கேட்டு, அதை நான்காகப் பிரித்து எழுதியிருக்கிறார். எழுதி வாசித்தது என்று கேட்கிறவருக்குத் தோன்றவே தோன்றாது.

இரண்டு மார்கழிக்கு முன்பு நான் அதில் எட்டு அடியை மட்டும் காதால் எடுத்து, எங்கள் இரண்டு கிளாரினெட், ஒரு சாக்ஸ், ஒரு யூபோனியத்துக்கு எழுதினேன். பதினோரு நாள் ஆனது. எழுதியதைவிட வாசிக்க வைத்ததுதான் பாடு. எங்கள் பையன்கள் நேராகத் தட்டி வாசித்துப் பழகியவர்கள். இதில் ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் நீட்டி, கொஞ்சம் விட்டு, தாளத்தின் மேல் சாய்ந்தாற்போல் வாசிக்கவேண்டும். சைடு டிரம் வாசிக்கும் தம்பிதான் முதலில் பிடித்தான். மண் ரோட்டில் சைக்கிள் விடும்போது மேடு பள்ளத்தில் உடம்பு எப்படி ஆடுமோ அப்படி வாசி என்று மற்றவர்களுக்குச் சொன்னான். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், அந்த எட்டு அடி ஒரு முறை சரியாக வந்தது. யாரும் பேசவில்லை. மறுபடி வாசிக்கலாம் என்று மட்டும் ஒருவன் சொன்னான். பக்கத்து மாங்கூழ் ஆலை லாரி டிரைவர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து வாசலில் நின்று கேட்டார். இது எந்தப் படம் அண்ணே என்றார்.

குட்மேனை நான் குறை சொல்லவில்லை. ஹெண்டர்சன் தனக்கு என்ன செய்தார் என்பதைக் குட்மேன் மறைத்தவர் இல்லை, வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். ஹெண்டர்சன் 1936இல் மறுபடி பேண்டு சேர்த்து சிகாகோவில் வாசித்தார். ‘கிறிஸ்டோபர் கொலம்பஸ்’ என்ற ரெக்கார்டு நன்றாகப் போனது. அதுவும் 1939இல் நின்றபோது குட்மேன் அவரைத் தன் பேண்டிலேயே சேர்த்துக்கொண்டார். 1950 டிசம்பரில் ஹெண்டர்சனுக்குப் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். குட்மேன் தன் பழைய நண்பர்கள் டெடி வில்சன், ஜீன் க்ரூப்பா இருவரையும் சேர்த்து அவருக்கு நிதி திரட்ட வாசித்தார், அது ரெக்கார்டாகவும் வந்தது. இரண்டு வருஷம் கழித்து 1952 டிசம்பரில் ஹெண்டர்சன் நியூயார்க்கில் இறந்தார். மறந்தது குட்மேன் இல்லை. ரெக்கார்டு அட்டையும் வானொலி அறிவிப்பும் பத்திரிகையும்தான் சுருக்கிச் சுருக்கி ஒரே பெயராக்கிவிட்டன. ஹெண்டர்சனின் தம்பி ஹோரஸுக்கு நடந்ததும் இதுவே. 1938 ஜனவரியில் குட்மேன் பேண்டு நியூயார்க்கின் கார்னகி ஹால் கச்சேரி அரங்கில் வாசித்த ‘பிக் ஜான்ஸ் ஸ்பெஷல்’ ஹோரஸின் கைவேலை. அதை அண்ணன் பேரில் சேர்த்துவிடுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நிறத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. நாடு முழுக்கக் கேட்கும் ஒரு வானொலி நிகழ்ச்சியில், பெரிய கம்பெனி காசில், கறுப்பர் பேண்டு ஒன்று வாராவாரம் உட்காருவது 1934இல் நடக்கிற காரியம் இல்லை. தாள் போகலாம், எழுதியவர் போகமுடியாது. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் வாசல்வரை எங்கள் சத்தம் வேண்டும். சாப்பாடு என்று வந்தால் கடைசிப் பந்தி, அதுவும் சில இடங்களில் பின்கட்டில். ஒரு மண்டபத்தில் மழையில் யூனிஃபார்மோடு ஒரு மணிநேரம் வெளியே நிறுத்தினார்கள். டிரம்பெட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றோம்.

நம் சினிமா இசையிலும் இந்த ஆட்கள் உண்டு. ஆர்.கோவர்த்தனம் பெயரைப் பழைய படங்களின் எழுத்து ஓடும்போது இசை உதவி என்ற இடத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் தனியாகவும் இசையமைத்தவர், ஆனால் மற்றவர்களுக்காக அவர் உழைத்த உழைப்பை யார் பேசுகிறார்கள்? ஏ.ஆர்.ரகுமானின் அப்பா ஆர்.கே.சேகர் மலையாளப் படங்களில் பல இசையமைப்பாளர்களுக்கு வாத்தியக் கோர்ப்பு செய்துகொடுத்தவர். மகன் புகழ் பெற்ற பிறகுதான் அப்பாவின் பெயர் பலருக்குத் தெரிந்தது. தங்கள் இணைப்பில் பழைய பாட்டுகளைப் பற்றி வாராவாரம் எழுதுகிறீர்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், நடித்தவர் எல்லோரும் வருகிறார்கள். தெரிகிற இடத்தில் வாத்தியங்களுக்கு எழுதியவரின் பெயரையும் ஒரு வரியில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஹெண்டர்சனின் 1923 முதல் 1938 வரையிலான பதிவுகளில் இருந்து தேர்ந்தெடுத்து 1961இல் கொலம்பியா கம்பெனி நான்கு எல்.பி. கொண்ட ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதற்கு ‘எ ஸ்டடி இன் ஃப்ரஸ்ட்ரேஷன்’ என்று தலைப்பு வைத்தார்கள். ஏமாற்றத்தின் வரலாறு என்கிற மாதிரி அர்த்தம். எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்கவில்லை. பேண்டு கலைந்தது, பணம் போனது, கைகால் விழுந்தது எல்லாம் உண்மை. ஆனால் ‘ராப்பின் இட் அப்’ வாசிக்கும் பேண்டில் ஏமாற்றம் எங்கே இருக்கிறது? சந்தோஷமான ஆட்கள் வாசிப்பது மாதிரிதான் எனக்குக் கேட்கிறது.

என் மாஸ்டரின் நோட்டுகள் பதினான்கு என்னிடம் இருக்கின்றன. ஒன்றின் அட்டையைக் கரையான் அரித்துவிட்டது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கின்றன. எந்தப் பக்கத்திலும் அவர் தன் பெயரை எழுதவில்லை. இந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்பு ஒவ்வொரு உருப்படியின் தலைப்பிலும் அவர் பெயரைச் சிவப்பு மையில் எழுதி முடித்தேன், 212 உருப்படி. எங்கள் செட்டில் இப்போது பார்ட் காப்பி எடுக்கும் பையன்கள் அந்தப் பெயரையும் சேர்த்துத்தான் காப்பி எடுக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் இடம் இருந்தால் ஒரு சின்ன கட்டமாவது போடுங்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்: ‘1935இல் பென்னி குட்மேன் பேண்டு வாசித்துப் புகழ்பெற்ற கிங் போர்ட்டர் ஸ்டாம்ப், ப்ளூ ஸ்கைஸ், சம்டைம்ஸ் ஐம் ஹேப்பி ஆகியவற்றுக்கு நோட்ஸ் எழுதியவர் ஃபிளெட்சர் ஹெண்டர்சன். பிறப்பு 1897, கத்பர்ட், ஜார்ஜியா. இறப்பு 1952, நியூயார்க்.’ படம் போட இடம் இருந்தால் அவர் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்கும் படமாகப் பார்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பேண்டு செட் கிளாரினெட் கலைஞர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்